சேர்வர் ரிப்பெயாருக்குக் குடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடையில எங்கட மாமாட சேர்வருக்கு புது மதர்போர்ட் போட்டம் எண்டு 185,000 ரூபா வாங்கினாங்கள், போர்ட் மாத்தவே இல்ல. கொழும்பில சின்ன ஒபிஸில சேர்வர் வச்சிருக்கிற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ.

மாமாக்கு ஐந்துலாம்புச் சந்தியடியில ஹோல்சேல் கடை. பில், ஸ்டொக், ஆர் எவ்வளவு தரவேணும் எண்ட கணக்கு எல்லாம் அந்த ஒரு சேர்வரிலதான். திடீரெண்டு முன்னால செம்மஞ்சள் லைட் மினுங்கத் தொடங்கி, பிறகு பில் அடிச்சுக்கொண்டிருக்கேக்கயே தானா ரீஸ்டார்ட் ஆகுது, வெளியில லொறி நிக்குது, நாட்டாமிமார் மூட்டையை வச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்கினம். அந்த அவசரத்திலதான் அந்தக் கடைக்குப் போனது.

கடைக்காரன் மூடியைக் கழட்டி ஒரு பார்வை பாத்திட்டு, "போர்ட் போயிட்டுது முதலாளி, மாத்தாட்டி டேட்டாவும் போயிடும்" எண்டானாம். டேட்டா எண்டோண்ண ஆர் பேரம் பேசுவினம்? பில்லில "மதர்போர்ட்" எண்டு ஒரே ஒரு வரி, சீரியல் நம்பர் இல்ல, பழைய போர்டைக் கேட்டா எறிஞ்சாச்சாம்.

கொண்டுவந்து பூட்டி கொஞ்ச நாள்ல திரும்ப அதே லைட், அதே ரீஸ்டார்ட்.

சேர்வருக்குள்ள தனியா ஒரு சின்னக் கன்ட்ரோலர் இருக்கு, டெல் (Dell) கொம்பனிச் சேர்வரில அதுக்கு ஐட்ராக் எண்டு பேர், எச்பியில (HP) ஐலோ. என்ன பிழை வந்தாலும் திகதி நேரத்தோட அது லொக் எழுதும், அந்த லொக் இருக்கிறது மதர்போர்ட்டிலயேதான். நான் திறந்து பாக்க, போன வருசத்துப் பதிவெல்லாம் அப்பிடியே கிடக்கு! உண்மையாப் புது போர்ட் எண்டா அது எப்பிடி அங்க இருக்கும்? எனக்குக் கை நடுங்கிட்டுது, அவ்வளவு கோவம்.

அதே லொக்கில ஏ3 எண்ட ஸ்லொட்டில, அதாவது ராம் (மெமரித் துண்டு) பூட்டுற இடத்தில, மெமரி எரர் வரிசையா நிக்குது. சேர்வர் ராம் ஈசிசி வகை, ஒரு பிட் (டேட்டாவின்ட ஆகச் சின்னத் துண்டு) பிழைச்சா தானே திருத்திக்கொள்ளும், ரெண்டு பிட் ஒண்டாப் பிழைச்சா கண்டுபிடிக்கும், ஆனா திருத்தேலாது, அப்ப மெஷின் விழும். ஏ3 ராமையும் ஏ1 ராமையும் இடம் மாத்திப் போட்டன், எரர் ராமோடயே ஏ1க்கு வந்திட்டுது. எரர் ஏ3லயே நிண்டிருந்தாத்தான் ஸ்லொட்டையோ போர்டையோ சந்தேகப்படலாம். போனது ஒரே ஒரு ராம் துண்டு. அதே வகை வாங்கிப் போட்டோண்ண லைட் நீலம், இண்டைக்கு வரைக்கும் ரீஸ்டார்ட் இல்ல. (ரெஜிஸ்டர்ட், அன்பஃபர்ட் எண்டு ராமில ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் கலந்து போடாதீங்கோ, மெஷின் எழும்பாது.)

கடைக்குக் கோல் எடுத்துச் சொன்னா "லொக்கெல்லாம் நம்பேலாது தம்பி" எண்டிட்டுக் கட் பண்ணிட்டான். பில்லையும் லொக்கின்ட பிரிண்டையும் சேத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு குடுத்திருக்கிறம். அவையின்ட 1977 எண்ட நம்பருக்குக் கோல் அடிச்சாலும் முறைப்பாடு எடுப்பினம், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தில சாமான் மட்டுமில்ல, சேவையும் அடங்கும்.

நீங்க எங்க குடுத்தாலும் முதல்ல லொக்கை சேவ் பண்ணுங்கோ, போர்ட், ராம், டிஸ்க் எல்லாத்தின்ட சீரியல் நம்பரையும் ஃபோட்டோ எடுங்கோ, கழட்டின பழைய சாமான் திருப்பி வேணும் எண்டு பில்லிலயே எழுதி வாங்குங்கோ. டேட்டா டிஸ்க்கை அனுப்பத் தேவையில்ல எண்டா எந்த ஸ்லொட் எண்டு டேப் ஒட்டி எழுதிக் கழட்டி உங்களிட்டயே வச்சிருங்கோ.