கிரேஹாக்: பாதியில் நிறுத்தி எழுதப்பட்ட உலகில் பல ஆண்டுகள் விளையாடிய அனுபவம்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் விளையாடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங்கில் ஒரு கேம்பெய்னை, அதாவது பல அமர்வுகளுக்கு நீளும் தொடர்கதையை, தொடங்க நினைக்கும் எவருக்கும், அதை எந்த உலகத்தில் நடத்துவது என்ற கேள்விதான் முதலில் வருகிறது. உலகம் முழுவதையும் தானே உருவாக்கப் புறப்பட்டால், விளையாடத் தொடங்கும் முன்பே, கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் களைத்துவிடுவார். பிறர் விரிவாக எழுதிவைத்த உலகத்தை எடுத்துக்கொண்டால் படித்து மாளாது. மாயாஜாலப் பளபளப்பு குறைந்ததாகவும், பசியும் கூலியும் அதிகாரப் போட்டியும் கதையை நகர்த்துவதாகவும், ஆனால் விவரங்கள் தளர்வாக விடப்பட்டதாகவும் உள்ள உலகம் ஒன்றைத் தேடிய எங்கள் குழு தேர்ந்தெடுத்தது, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காக எழுதப்பட்ட கிரேஹாக். அன்றிலிருந்து பல ஆண்டுகளாக, பாத்திரங்களும் விதிப் பதிப்புகளும் மாறினாலும், உலகம் மாறவில்லை. அதை எழுதியவர் எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார் என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது என்பதை இந்தப் பகிர்வில் விளக்க விரும்புகிறேன்.

அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதி, டிஎஸ்ஆர் நிறுவனம் 1980இல் வெளியிட்ட முதல் பதிப்பு 32 பக்கங்களே கொண்ட மெல்லிய புத்தகம். அதனுடன், டார்லீன் என்ற ஓவியர் வரைந்த இரண்டு பெரிய வரைபடத் தாள்களும் வந்தன. அந்த வரைபடத்தின் அழகுக்கு ஈடாக வேறொன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. 1983இல் அதே வரைபடத்தோடு பாக்ஸ் செட் வந்தபோது உள்ளடக்கம் இரண்டு புத்தகங்களாக விரிந்தது. தெய்வங்களைப் பற்றிய விவரங்களும், எந்த நிலப்பகுதியில் யார் எதிர்ப்படுவார்கள் என்பதற்கான பகடை அட்டவணைகளும், வானிலை விதிகளும் அதில் இடம்பெற்றன. இரண்டு பதிப்புகளும் ஃபிளனேஸ் என்னும் நிலப்பரப்பை, அவ்வுலக நாள்காட்டியின் 576ஆம் ஆண்டில், ஒரு பெரிய போர் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்ற நிலையில் நமக்குக் காட்டுகின்றன. அந்தப் போர் எங்கே, யாரால் தொடங்கும் என்பதைச் சொல்லாமல் புத்தகம் முடிந்துவிடுகிறது.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஆட்சியாளர், தலைநகர், மக்கள்தொகை, அங்கு வாழும் பிற இனங்கள், வளங்கள் என்று சில வரிகளும், அதன்பின் ஒன்றிரண்டு பத்திகளும் மட்டுமே தரப்பட்டுள்ளன. முதல் வாசிப்பில் இது வறண்ட புள்ளிவிவரமாகத் தோன்றும். சில உறுப்பினர்கள் அவ்வாறே சொன்னார்கள். ஆனால் விளையாட்டு மேசையில் இந்த வறண்ட வரிகள்தான் மிகுதியாக உழைக்கின்றன. ஒரு நாட்டின் வளங்கள் வரியில் உணவுப்பொருள் இல்லையென்றால், அதன் ஆட்சியாளர் தானியத்தை யாரிடமிருந்தோ வாங்கியாக வேண்டும், அல்லது பறித்தாக வேண்டும். மக்கள்தொகை சிறிது, எல்லை நீளம் என்றால், அந்த எல்லையை முழுநேரமும் காக்கப் படை இருக்காது. கூலிக்கு ஆள் தேவைப்படும். அரசவை வம்சங்களின் வரலாற்றைப் பத்துப் பக்கம் படித்தாலும் கிடைக்காத கதைக் கரு, இரண்டு நாடுகளின் வளங்கள் வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிடைத்துவிடுகிறது.

எங்கள் மிக நீண்ட கேம்பெய்ன் ஷீல்ட் லேண்ட்ஸ் பகுதியில் நடந்தது. நைர் டிவ் என்னும் பெரிய ஏரியின் வடகரையில், சிறு பிரபுக்கள் பலர் தங்கள் அண்டையிலுள்ள கொள்ளையர் நாடுகளுக்கு அஞ்சி, வால்வொர்த் பிரபுவின் தலைமையில் ஒன்றுசேர்ந்து அமைத்த நாடு அது. கொள்ளையர் நாடுகளுக்கு அருகே ஹார்ன்ட் சொசைட்டி என்னும் தீய நாடு, அதற்கும் அப்பால் ஐயூஸ் என்னும் அரை அரக்கனின் ராஜ்யம். அச்சத்தால் ஒன்றுசேர்ந்த பிரபுக்கள் ஒருவரையொருவர் எந்த அளவுக்கு நம்புவார்கள், படைச் செலவை யார் எவ்வளவு தருகிறார்கள், தராதவருக்கு என்ன நேரும் என்பவை குறித்துப் புத்தகத்தில் ஒரு சொல் இல்லை. விளையாடியவர்களின் பாத்திரங்கள் தானிய வண்டிகளுக்குக் காவல் போகும் கூலிக்காரர்கள். வண்டிகள் தொடர்ந்து கொள்ளை போயின. எந்தப் பாதையில் எந்த நாளில் வண்டி போகிறது என்பதை ஒரு பிரபுவின் கணக்குப்பிள்ளையே விற்றுக்கொண்டிருந்தார் என்று அவர்கள் மெல்ல மெல்லக் கண்டறிந்தார்கள். அவர் அதைச் செய்ததன் காரணம், படைக்குத் தரவேண்டிய பங்கைக் கட்ட அவருடைய எசமானரிடம் பணம் இல்லை என்பதுதான். கொள்ளையரிடமிருந்து காக்கும் படைக்கான பணம் கொள்ளையரிடமிருந்தே வந்தது. இந்தக் கதையை நான் முன்கூட்டித் திட்டமிடவில்லை. புத்தகம் தந்த அரசியல் நெருக்கடியும், புத்தகம் விட்டுவைத்த வெற்றிடமும், மேசையில் விளையாடும் வீரர்கள் கேட்ட கேள்விகளும் சேர்ந்து உருவாக்கியது. காட்டிக்கொடுப்பதா, மறைப்பதா என்று அவர்கள் ஒரு மாலை முழுவதும் தங்களுக்குள் வாதாடியதை, எந்த டிராகன் சண்டையைவிடவும் மேலானதாக நான் மதிக்கிறேன்.

தளர்வான விவரம் என்பதற்கு மங்கலான விவரம் என்று பொருள் கொள்ளக்கூடாது. சில உலகங்களில் எல்லாமே அரைகுறையாகச் சொல்லப்பட்டிருக்கும். எதைப் பிடித்துக்கொண்டு தொடங்குவதென்றே தெரியாது. கிரேஹாக்கில் எண்களும் எல்லைகளும் பகைகளும் திட்டவட்டமானவை. காரணங்களும் இரகசியங்களும் மட்டுமே விடப்பட்டவை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சூயல், பாக்லூனிஷ் என்ற இரு பேரரசுகள் ஒன்றையொன்று மந்திரத்தால் அழித்துக்கொண்டன; சூயல் பேரரசின் மீது நிறமற்ற நெருப்பு மழையாகப் பொழிந்தது; அது இருந்த இடம் இன்று தூசிக் கடலாகக் கிடக்கிறது. முதல் புத்தகம் இவ்வளவே சொல்கிறது. அந்த நெருப்பை யார், எப்படி வரவழைத்தார்கள் என்பதற்கு எங்கள் ஒவ்வொரு கேம்பெய்னிலும் வேறு விடை இருந்தது. ஒன்றில் விடையே இல்லை. இரண்டு மதக் குழுக்கள் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டு ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள், அதுவே போதுமானதாக இருந்தது.

பசியும் கூலியும் நகர்த்தும் உலகின் கரடுமுரடான தன்மைக்கு வருகிறேன். இரத்தமும் சாவும் மிகுந்த வருணனைகளால் அது வருவதாகப் பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அது தூரத்தாலும் சுமையாலும் வருகிறது. கிரேஹாக் வரைபடத்தில் ஓர் அறுகோணக் கட்டம் 30 மைல். 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர் வழிகாட்டி நூலின் பயண அட்டவணைப்படி, சாதாரண நிலத்தில் நடந்து செல்பவர் குறைந்த சுமையுடன் நாளொன்றுக்கு 30 மைலும், நடுத்தரச் சுமையுடன் 20 மைலும், பெருஞ்சுமையுடன் 10 மைலும் கடக்கலாம். அதாவது வெறுங்கையோடு ஒரு நாளில் கடந்த கட்டத்தை, புதையலைச் சுமந்து திரும்பும்போது கடக்க மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளுக்கும் உணவு வேண்டும், ஒவ்வொரு இரவும் காவல் வேண்டும், ஒவ்வொரு நாளும் எதிர்ப்படல் பகடை உருளும். வெள்ளிப் பாத்திரங்களைக் காட்டில் புதைத்துவிட்டுப் போகலாமா என்று வீரர்கள் யோசிக்கத் தொடங்கும்போது உலகம் தானாகவே கரடுமுரடாகிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உலகம் மட்டும் கரடுமுரடாக இருந்து, விதிகள் மென்மையாக இருந்தால் இது நடக்காது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் ஓர் இரவு நீண்ட ஓய்வு எடுத்தாலே இழந்த உயிர்ப்புள்ளிகள் அனைத்தும் திரும்பிவிடும். அவுட்லேண்டர் பின்னணி கொண்ட, அதாவது காட்டில் வாழ்ந்து பழகிய, பாத்திரம் ஒருவர், நிலம் வளமாக இருக்கும் வரை, தனக்கும் மேலும் ஐந்து பேருக்கும் நாள்தோறும் உணவும் நீரும் தேடித் தந்துவிடுவார். குட்பெர்ரி என்னும் முதல்நிலை மந்திரம் பத்துப் பழங்களைத் தரும், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் உணவு. இவை மூன்றும் சேர்ந்தால் தூரத்துக்குப் பொருளே இல்லாமல் போகும். அதே பதிப்பின் வழிகாட்டி நூலில் உள்ள மாற்று விதி ஒன்றை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்: குறுகிய ஓய்வுக்கு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வுக்கு ஏழு நாள். குட்பெர்ரியை அனைவரின் சம்மதத்தோடு நீக்கினோம். காயம்பட்டவர் ஒரு வாரம் எங்கே படுத்திருப்பது, அதுவரை யார் சோறு போடுவது என்பவை அதன்பின் உண்மையான கேள்விகளாயின.

வேறு உலகங்களையும் இடையிடையே பயன்படுத்தினோம். 1983இல் வந்த ஹார்ன் என்ற உலகம், கிராமத்து வயல்கள் வரை நேர்த்தியாக எழுதப்பட்டது. இடைக்கால வாழ்வை நுணுக்கமாக நடத்த விரும்புவோருக்கு அது சிறந்தது, எனக்கு அதில் மூச்சுவிட இடம் போதவில்லை. 1986இல் வந்த வார்ஹேமர் ரோல்பிளேயிங் விளையாட்டின் ‘பழைய உலகம்’ சேற்றையும் நோயையும் மிக நன்றாகக் காட்டுகிறது, ஆனால் எல்லாப் பாதைகளும் ஒரே பேரழிவை நோக்கி இழுக்கின்றன. ஸ்வீடனிலிருந்து 2018இல் வந்த ஃபர்பிடன் லேண்ட்ஸ் இக்காலத்தவருக்கு நல்ல மாற்று: பத்து கிலோமீட்டர் கட்டங்கள், வரைபடத்தில் இடங்களை நாமே ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர்கள், பசிக்கும் குளிருக்கும் தெளிவான விதிகள். பழைய விதிநூல்களைத் தூசி தட்ட விரும்பாத நண்பர்களுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

கிரேஹாக்கின் குறைகள் சிறியவை அல்ல. பல பெயர்கள் கைகாக்ஸின் நண்பர் வட்டத்து விளையாட்டுகளிலிருந்து வந்தவை. டிராமிஜ் என்ற மந்திரவாதியின் பெயர், ஜிம் வார்டு என்ற பெயரை ஆங்கிலத்தில் பின்னிருந்து படித்தது. இறுக்கமான ஒரு காட்சியில் அப்பெயர்கள் உறுத்துகின்றன, ஆகவே சிலவற்றை மாற்றிக்கொண்டோம். இதைவிடக் கடுமையானது, மனித இனங்களைத் தோல் நிறத்தால் வரிசைப்படுத்தும் பகுதியும், தெற்கேயுள்ள அமேடியோ காட்டின் மக்களை நரமாமிசம் உண்ணும் காட்டுமிராண்டிகளாக ஒற்றை வரியில் தள்ளிவிடும் போக்கும். ஐரோப்பியக் காலனிய எழுத்தின் பார்வை அப்படியே இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தெற்கை நாங்கள் முழுவதுமாகத் திருத்தி எழுதினோம்: துறைமுகங்களும், கடல் வணிகமும், வடக்கின் மீது நியாயமான கோபமும் கொண்ட அரசுகளாக. புத்தகம் அப்பகுதியைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லியிருப்பதால், திருத்துவதும் எளிதாக இருந்தது.

எந்தப் பதிப்பை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: 1983 பாக்ஸ் செட். மின்னூலாகவும் விற்கப்படுகிறது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் அதே உலகுக்காக வந்த கிரேஹாக் வார்ஸ், ஃப்ரம் தி ஆஷஸ் என்ற வெளியீடுகள், காத்திருந்த பெரும்போரை நடத்தி முடித்துவிட்டன. ஷீல்ட் லேண்ட்ஸ் அதில் வீழ்கிறது. இரண்டாவதில் கார்ல் சார்ஜென்ட் தீட்டிய இருண்ட, தோற்றுப்போன நாடுகளின் சித்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும், கரடுமுரடான உலகம் வேண்டுவோர் அதைப் படிக்கவும் வேண்டும். ஆயினும் 576ஆம் ஆண்டு நம்மிடம் விட்டுவைத்த கேள்விகளுக்கு அது விடை எழுதிவிடுகிறது. அதனால் முதல் கேம்பெய்னுக்கு அதை நான் பயன்படுத்தமாட்டேன். 2024இல் வந்த டன்ஜன் மாஸ்டர் வழிகாட்டி நூலும் மாதிரி உலகமாகக் கிரேஹாக்கைச் சுருக்கமாகத் தந்து, 576ஆம் ஆண்டுக்கே திரும்பியிருக்கிறது. புதிய விதிகளோடு விளையாடுவோர் அதிலிருந்து தொடங்கலாம், ஆனால் வளங்களும் மக்கள்தொகையும் தாங்கிய அந்தப் பழைய வரிகளுக்காகப் பாக்ஸ் செட்டும் கையில் இருக்கட்டும்.

தொடக்க ஊருக்கு, 1979இல் வெளியான சாகச நூலில் வரும் ஹாம்லெட் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணும், அதில் வாழ்பவரின் தொழிலும், அவர் பணம் ஒளித்துவைத்திருக்கும் இடமும் கூடத் தரப்பட்டிருக்கின்றன. கடை வைத்திருப்பவர்களில் யார் உளவாளி என்பதும் தெரியும். வீரர்கள் நிற்கும் இடம் இப்படி அடர்த்தியாகவும், அதைச் சுற்றிய நாடு சில வரிகளாகவும் இருந்தால் டன்ஜன் மாஸ்டரின் வேலை பாதியாகக் குறையும். வரைபடத்தை மட்டும் திரையில் பார்க்காமல், பெரிய தாளில் அச்சிட்டு மேசை மீது விரித்து வையுங்கள். எங்கே போகலாம் என்று வீரர்கள் விரல் வைத்துக் கட்டங்களை எண்ணுவதற்கு அது வேண்டும்.