வீட்டில் செய்யும் ஃபிலமென்ட் டிரை பாக்ஸ்: மூடி சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரி

தானியம் கொட்டி வைக்கும் பிளாஸ்டிக் டப்பா, நான்கு பேரிங், இரண்டு கம்பி, கொஞ்சம் சிலிக்கா ஜெல். த்ரீ-டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள், அதில் உருக்கிப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் இழையான ஃபிலமென்டை ஈரம் ஏறாமல் வைக்கச் செய்துகொள்ளும் டிரை பாக்ஸ் இவ்வளவுதான். ஒழுங்காகச் செய்தால் நம்பி வைக்கலாம். ஆனால் இது காய்ந்த ஃபிலமென்டைக் காய்ந்தபடியே வைத்திருக்குமே தவிர, ஈரம் ஏறியதைக் காயவைக்காது. இழை உருகி வெளிவரும் முனையான நாசிலில் பட் பட்டென்று வெடிக்கிறது, நூல் நூலாக இழுக்கிறது என்றால் முதலில் ஃபிலமென்டைச் சூடேற்றி உலர்த்தும் டிரையரில் போட்டு எடுங்கள். ஃபிலமென்ட் வகைகளில் பிஎல்ஏவுக்கு 45–50 டிகிரி, பிஇடிஜிக்கு 65 டிகிரி, இரண்டுக்கும் 6 மணி நேரம். நைலானுக்கு 70–80 டிகிரியில் 12 மணி நேரம்கூட ஆகும். பிஎல்ஏவை 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் இளகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

டப்பாவில் முதலில் பார்க்க வேண்டியது மூடியின் ரப்பர் வளையம். ஒரு துண்டுக் காகிதத்தை விளிம்பில் வைத்து மூடியை அழுத்திப் பூட்டி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகும். நான்கு பக்கமும், முக்கியமாக மூலைகளிலும், இப்படிப் பார்க்க வேண்டும். நீளப் பக்கத்தின் நடுவில்தான் மூடி வளைந்து தூக்கிக்கொள்ளும். அங்கே பூட்டு இல்லாத டப்பாவை வாங்க வேண்டாம்.

ஃபிலமென்ட் சுற்றி வரும் ஒரு கிலோ ஸ்பூல் பெரும்பாலும் 20 செ.மீ. விட்டம், 6–7 செ.மீ. அகலம் இருக்கும். அடியில் பேரிங் வருவதால் உள்ளே 21 செ.மீ. நீளம், 24 செ.மீ. உயரம், 8 செ.மீ. அகலமாவது வேண்டும். பாலிப்ரொப்பிலீன் டப்பா துளையிடும்போது விரிசல் விடாது. கண்ணாடி போலத் தெளிவாக, விறைப்பாக இருப்பவை பார்க்க அழகு, டிரில் பட்டதும் விரிசல் விட்டுவிடும்.

608 என்ற அளவுள்ள பேரிங், 8 மி.மீ. கம்பி, கம்பிகளுக்கு இடையே 8–10 செ.மீ. இது போதும், கம்பியில் கோத்த பேரிங்குகளின் மேல் ஸ்பூல் உருளும். பேரிங்கின் மேல் பள்ளம் வைத்த உறை ஒன்றை பிரிண்ட் செய்து மாட்டினால் ஸ்பூல் நகர்ந்து சுவரில் உரசாது. அட்டை ஸ்பூல் என்றால் விளிம்பில் பிளாஸ்டிக் வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் அட்டைத் தூள் ஃபிலமென்டோடு நாசிலுக்கே போய் அடைக்கும்.

ஃபிலமென்ட் வெளியேறும் வழிக்கு 10 மி.மீ. துளை, அதில் எம்10 மரையுள்ள புஷ்-ஃபிட் கப்ளர் (குழாயைச் செருகினால் பிடித்துக்கொள்ளும் இணைப்பு), உள்பக்கம் ஒரு நட். அதில் 4 மி.மீ. வெளிவிட்டம், 2 மி.மீ. உள்விட்டம் கொண்ட டெஃப்லான் குழாய். துளை ஸ்பூலின் மேல்விளிம்பு உயரத்தில் இருக்கட்டும். தாழ வைத்தால் ஃபிலமென்ட் மடங்கி இழுபடும். பிரிண்ட் இல்லாத நேரத்தில் ஃபிலமென்டை உருவிவிட்டால் குழாய் வாயை அடைத்துவிடுங்கள்.

ஒரு ஸ்பூலுக்கு 100–150 கிராம் சிலிக்கா ஜெல் போதும். துளையிட்ட சின்ன டப்பியில் போட்டு அடியில் வைக்க வேண்டும். ஈரப்பதமானி மேலே, அதற்கு எட்டத்தில். சிலிக்கா பக்கத்திலேயே வைத்தால் நன்றாகக் காய்ந்துவிட்டதாகப் பொய் சொல்லும். மலிவான மானிகளில் 5% வரை பிசகு சகஜம். சரிபார்க்க, சாப்பாட்டு உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்தில் குழைத்து, மானியோடு காற்றுப்புகாத பையில் ஓர் இரவு வைத்தால் 75% காட்ட வேண்டும்.

ஸ்பூல் வைப்பதற்கு முன் வெறும் டப்பாவை சிலிக்காவோடு மூடி இரண்டு நாள் மானியைப் பாருங்கள். 20%க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் மூடி நன்றாக இருக்கிறது. ஸ்பூல் வைத்த பிறகு ஏறினால் குற்றம் டப்பாவில் இல்லை, ஃபிலமென்டோ அட்டையோ ஈரமாக இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள்தான் சிலிக்காவைத் திட்டி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

மானி 30% தொட்டதும் சிலிக்காவைத் தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, 110–120 டிகிரி ஓவனில் 2–3 மணி நேரம் காயவையுங்கள். அதற்கு மேல் சூடேறினால் நிறம் காட்டும் சாயம் கெடும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு; ஆரஞ்சு நிறம் வாங்குவதே நல்லது. கால்சியம் குளோரைடு மட்டும் வேண்டவே வேண்டாம், ஈரத்தை உறிஞ்சி உப்புநீராகிக் கசியும், கம்பியும் பேரிங்கும் துருப்பிடிக்கும்.

பிஎல்ஏ, பிஇடிஜி, ரப்பர் போல வளையும் டிபியு மூன்றுக்கும் இந்தப் பெட்டியைத் தயங்காமல் சொல்லலாம். நைலானில் நீண்ட பிரிண்ட் போடுபவர்கள் சூடேற்றும் டிரையரிலிருந்தே நேராக ஓட்டுங்கள். இந்தப் பெட்டியை அதன்பின் எடுத்து வைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.