மூட்டமா, மூடிய டிரம்மா, கேசிஃபயரா?

மரத்தைக் கரியாகவோ எரிவாயுவாகவோ மாற்ற இந்த மூன்றில் எது நல்லது? நன்கு காய்ந்த மரம் ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 18 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். கரி என்றால் 30. இதைப் பார்த்ததும் கரியே மேல் என்று முடிவுகட்டுபவர்கள், நூறு கிலோ மரத்தில் எத்தனை கிலோ கரி தேறும் என்று கேட்பதில்லை.

மண் மூட்டத்தில் 15 முதல் 20 கிலோ தேறினாலே நல்ல வேலை. காசுச் செலவு அநேகமாக இல்லை. கட்டைகளை அடுக்கி, இலைதழை போர்த்தி, மண் பூசித் தீ வைக்கலாம். ஆனால் இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். பூச்சில் ஒரு விரிசல் விட்டால் போதும், காற்று புகுந்து கரி சாம்பலாகிவிடும். முதலில் அடர்த்தியாக வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி. அது மெலிந்து நீலமாகும்போது மூட்டத்தில் காற்றுக்காக விட்ட துளைகளை அடைத்துவிட வேண்டும்.

மூடிய டிரம்மில் அதே மரம் 30 கிலோ கரி தரும். மரம் விடும் வாயுவைக் குழாய் வழியே டிரம்முக்கு அடியில் எரியும் நெருப்புக்கே திருப்பிவிடுகிறோம். சூடு 300 டிகிரியைத் தாண்டி வாயு சீறத் தொடங்கியதும் அடுப்புக்கு வேறு விறகு அதிகம் வேண்டாம். கணக்குப் பார்த்தால் மரத்தின் ஆற்றலில் பாதி கரியில் தங்குகிறது. மீதியைப் பலகை உலர்த்தவோ வெந்நீர் போடவோ பயன்படுத்தத் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பேன்.

கேசிஃபயர் என்பது மரத்தைக் குறைந்த காற்றில் எரித்து, எஞ்சினை ஓட்டும் வாயுவாக மாற்றும் கலன். மின்சார ஆசையைத் தூண்டுவது. ஒன்று முதல் ஒன்றரை கிலோ மரத்துக்கு ஒரு யூனிட் எடுக்கலாம். இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் பஞ்சத்தில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் இந்த வாயுவில் ஓடின. ஆகவே இது வெறும் கனவல்ல. தொல்லை, வாயுவோடு சேர்ந்து வரும் பிசுபிசுப்பான தாரில் இருக்கிறது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினாலோ கட்டைகள் அளவு மாறினாலோ அது பெருகி எஞ்சின் வால்வில் பிசினாக ஒட்டும். நாள்தோறும் வடிகட்டியைத் துடைக்க ஆள் இல்லையென்றால் வாங்க வேண்டாம். கரியும் இதில் சொற்பமே.

மரத்தூள் இந்த மூன்றுக்குமே ஒத்துவராது. காற்றுப் போக வழிவிடாமல் அடைத்துக்கொள்ளும். அழுத்திக் கட்டியாக்கினால்தான் உண்டு.

எதைத் தேர்ந்தாலும் கொட்டகைக்குள் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. ஆறியதுபோல் தெரியும் புதுக்கரியை உடனே மூட்டை கட்டவும் கூடாது. காற்றுப் பட்டு மெல்லச் சூடேறி, நடு இரவில் மூட்டையோடு பற்றிக்கொள்ளும்.