உர மானியம்: கமநல சேவையை எடைபோட்டால்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நெல் செய்கிறவருக்கு கமநல சேவை (விவசாயிகளுக்கான அரச சேவை) தரும் உர மானியத்தில் பிடிப்பது ஒன்று: காசு நேரே வங்கிக்கு வருகிறது. 2024/25 பெரும்போகம் தொட்டு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய், உச்சம் 2 ஹெக்டேயர். ஏக்கர்க் கணக்கில் ஏறத்தாழ 10,000.

பிசகு பெரும்பாலும் பதிவில்தான். பாஸ்புத்தகத்தில் முதலெழுத்து மட்டும், அடையாள அட்டையில் முழுப் பெயர்; அல்லது ஆண்டுக்கணக்காகத் தொடாமல் கணக்கு உறங்கிப்போயிருக்கும். காசு திரும்பிவிடும், சொல்ல ஆளிருக்காது. குத்தகை வயலில் இன்னும் சிக்கல்: பதிவேட்டில் போடியார் (நிலச் சொந்தக்காரர்) பெயர், சேற்றில் நிற்பவர் வேறு. விதைப்புக்கு முன்பே குத்தகைத் துண்டை எழுத்தில் வாங்கி, பதிவேட்டில் பெயரைச் சேர்ப்பித்துவிடுங்கள். வட்டவிதானையின் (வயல் வேலைகளைக் கவனிக்கும் ஊர்ப் பொறுப்பாளரின்) வாய்ச்சொல் காசு கொண்டுவராது.

வெளிப்படைத்தன்மைக்குத்தான் புள்ளி குறைகிறது. யாருக்கு எவ்வளவு போனதென்ற பட்டியலை வட்டை (வயற்பகுதி) வாரியாக அறிவித்தல் பலகையில் ஒட்டினால் பாதிச் சண்டை ஓயும். ஒட்டாத இடத்தில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. தகவல் அலுவலரிடம் கொடுத்து, பற்றுச்சீட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். முடிவு சொல்ல 14 வேலை நாள். ‘எல்லா விபரமும் தருக’ என்று எழுதினால் தனியாள் தகவல் என்று மறுக்க வழி கிடைக்கும். ஒரு போகம், ஒரு வட்டை, பெயர், பரப்பு, தொகை, வரவு வைத்த திகதி என்று மட்டும் கேளுங்கள். கணக்கிலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டாமென்றும் எழுதிவிடுங்கள். மறுத்தால், 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைக் கேட்க அதே நிறுவனம் நியமித்தவருக்கு) மேன்முறையீடு.

கொடுப்பனவுக்கு ஐந்தில் மூன்றரை. பட்டியலுக்கு ஒன்று, அதுவும் சட்டத்தின் தயவில்.