சிசிஎன்ஏயா, நெட்வேர்க் பிளஸா?

உயர்தரம் முடித்து கணினி வலையமைப்புத் துறைக்கு வர நினைக்கும் யாழ்ப்பாணப் பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம் இது. சிசிஎன்ஏ (CCNA) வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சான்றிதழ்; நெட்வேர்க் பிளஸ் (Network+) கொம்ப்டியா அமைப்பின் சான்றிதழ். இரண்டுக்கும் முன்தகுதி தேவையில்லை. இரண்டும் 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும்.

பாடம்: நெட்வேர்க் பிளஸ் எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராமல் அடிப்படையைக் கற்பிக்கிறது. சிசிஎன்ஏ அதற்கு மேலே போய், சிஸ்கோ ரவுட்டரையும் (வலையமைப்புகளை இணைக்கும் கருவி) சுவிட்சையும் (ஒரு வலையமைப்பின் கணினிகளை இணைக்கும் கருவி) கட்டளை தட்டி அமைக்கச் சொல்கிறது.

நேரம்: நெட்வேர்க் பிளஸ் தேர்வு 90 நிமிடம், சிசிஎன்ஏ தேர்வு 120.

செலவு: சிசிஎன்ஏ கட்டணம் 300 அமெரிக்க டொலர். ரூபாயில் உழைக்கும் குடும்பத்துக்கு அது பெரும் பாரம். ஆயத்தமாகாமல் பதிவு செய்யவே கூடாது.

பயிற்சி: இங்கேதான் சிசிஎன்ஏ முந்துகிறது. வலையமைப்பைக் கணினித் திரையிலேயே அமைத்துப் பழகும் சிஸ்கோவின் மென்பொருளான பக்கெட் ட்ரேசர் இலவசம். அதில் ஒரு சுவிட்சை விலான் 10, விலான் 20 என இரு தனி வலையமைப்புகளாகப் பிரித்து, விலான் 10இல் உள்ள கணினியிலிருந்து விலான் 20இல் உள்ள கணினிக்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் செய்தி) அனுப்புங்கள், பதில் வராது. ரவுட்டரில் துணை இடைமுகங்களை, அதாவது ஒரே இணைப்பு முனையில் விலானுக்கு ஒன்றாகப் பிரித்த பகுதிகளை, சரியாக அமைத்ததும் பதில் வரும். மனப்பாடம் இந்தத் தெளிவைத் தராது.

ஐபி முகவரி (வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண் முகவரி) என்றாலே மிரள்பவர்கள் நெட்வேர்க் பிளஸ் பாடத்திட்டத்தில் தொடங்கலாம். தேர்வு எழுதாவிட்டாலும் பாதகமில்லை. கணினி உதவிப் பிரிவு வேலைக்கு அதுவே போதும். வலையமைப்புப் பொறியியலாளர் பதவிதான் குறி, கையில் ஒரு தேர்வுக்கான பணமே உண்டு என்றால், தயங்காமல் சிசிஎன்ஏ எழுதுங்கள்.