தாஷ்கண்ட் மெட்ரோ: நிலையப் பெயர்களைப் படித்தபடி ஒரு பயணம்

தாஷ்கண்ட் நகரின் மெட்ரோவைப் போக்குவரத்து வசதியாக மட்டும் எடைபோட்டால் இந்த மதிப்புரையைச் சில வரிகளில் முடித்துவிடலாம். அதிகாலையிலிருந்து நள்ளிரவு வரை வண்டிகள் ஓடுகின்றன. பழைய சந்தை, நடுச் சதுக்கம், இரயில் நிலையம் ஆகிய மூன்றுக்கும் நடந்து போகும் தொலைவில் நிலையங்கள் உள்ளன. கட்டணம் மிகக் குறைவு; வங்கி அட்டையை நுழைவாயிலில் தொட்டாலே வழி திறந்துவிடுகிறது. ஆனாலும் நான் இதைப் பற்றி விரிவாக எழுத முற்பட்டதற்குக் காரணம், இந்த மெட்ரோவின் நிலையப் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போனாலே உஸ்பெகிஸ்தான் தன் முன்னோராகக் கருதும் கவிஞர்கள், அறிஞர்கள், இசைவாணர்கள் ஆகியோரின் வரலாறு கண்முன் விரிகிறது என்பதுதான். பயணச்சீட்டின் விலையில் இவ்வளவு கற்றுத்தரும் இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நம்மில் பலருக்குத் தாஷ்கண்ட் என்றால் 1966 சனவரியில் லால் பகதூர் சாஸ்திரி உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, அன்றிரவே உயிர்நீத்த ஊர் என்பதுதான் நினைவுக்கு வரும். அதே ஆண்டு ஏப்ரல் 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கம் அந்த நகரின் பெரும்பகுதியைச் சிதைத்தது. புதிதாக எழுப்பப்பட்ட நகரத்துக்கு 1977 நவம்பரில் கிடைத்ததுதான் இந்த மெட்ரோ. மத்திய ஆசியாவிலேயே முதலாவது. நிலம் மீண்டும் அதிரக்கூடும் என்பதால் அதைத் தாங்கும் வகையில், அதிக ஆழமின்றிக் கட்டினார்கள். போர்க்காலத்தில் பதுங்கிடமாகவும் பயன்பட வேண்டியிருந்ததால் உள்ளே படம் எடுப்பது நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. 2018-இல் அத்தடை நீங்கிய பிறகே இந்த நிலையங்களின் அழகு வெளியுலகுக்குப் பரவலாகத் தெரியவந்தது.

முதல் நாள் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரின் வழிகாட்டியோடு போனேன். இரண்டே நிலையங்களில் இறக்கி, படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி, அரை மணி நேரத்துக்குள் மேலே அழைத்துவந்துவிட்டார். சுவரில் இருக்கும் மனிதர் யார் என்று கேட்டதற்கு "பழைய அறிஞர்" என்பதே பதிலாகக் கிடைத்தது. அந்த விடை போதவில்லை என்பதால் மறுநாள் தனியாகப் புறப்பட்டு, உஸ்பெகிஸ்தான் தடத்தின் வடமேற்கு முனையான பெருனி நிலையத்திலிருந்து தொடங்கினேன். இந்த வரிசையிலேயே போகும்படி மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

அபூ ரைஹான் பெருனி 973-இல் குவாரஸ்ம் நாட்டின் காத் நகரில் பிறந்தவர். கஜினி முகமதுவின் அவையில் இருந்த காலத்தில் சமஸ்கிருதம் கற்று, இந்தியாவின் தத்துவம், கணிதம், வானியல், வழக்கங்கள் ஆகியவற்றைப் பற்றி 1030-ஐ ஒட்டி அரபு மொழியில் ஒரு பெருநூல் எழுதினார். படையெடுத்து வந்தவனின் அவையில் இருந்துகொண்டு, வெல்லப்பட்டவர்களின் நூல்களை அவர்கள் மொழியிலேயே படித்து, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும்படியே எழுத முயன்ற நேர்மையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையருகே, ஒரு மலையின் உயரத்தையும் அதன் உச்சியிலிருந்து தொடுவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் அளந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டவரும் இவரே. அவரை உஸ்பெக்கியர் என்று அழைப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது, ஏனெனில் அந்தப் பெயரில் ஒரு நாடு பிறக்க இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்தன. ஆயினும் அவர் பிறந்த மண் இன்றைய உஸ்பெகிஸ்தானுக்குள் இருக்கிறது, அந்த மண்ணின் மக்கள் அவரைத் தம்மவராகப் போற்றுகிறார்கள்.

வண்டி நகர்வதற்கு முன், "எஹ்தியோத் போலிங், எஷிக்லார் யோபிலாதி" என்று ஒலிபெருக்கி சொல்கிறது. கவனமாக இருங்கள், கதவுகள் மூடப்படுகின்றன என்பது பொருள். அடுத்து "கேயிங்கி பெகாத்", அதாவது அடுத்த நிலையம், என்று கூறி ஒரு பெயரை உச்சரிக்கிறது. மூன்றாம் நிலையத்துக்குள் இந்தச் சொற்றொடர் மனப்பாடமாகிவிடும். நரைத்த தலையோடு யார் ஏறினாலும் இளைஞர்கள் சட்டென்று எழுந்து இடம் கொடுப்பதையும் பெட்டிக்குப் பெட்டி பார்த்தேன்.

சோர்சு சந்தையைக் கடந்தவுடன் வருவது கஃபூர் குலாம் நிலையம். 1903-இல் தாஷ்கண்டில் பிறந்து, சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்து வளர்ந்த கவிஞர் இவர். இரண்டாம் உலகப் போரில் மேற்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குழந்தைகள் இரயில் இரயிலாகத் தாஷ்கண்டில் வந்திறங்கியபோது, 1942-இல் "நீ அநாதை இல்லை" என்ற கவிதையை எழுதினார். அநாதையாக வளர்ந்தவர் எழுதியது என்று அறிந்த பின் அந்தத் தலைப்பை வெறும் ஆறுதல் மொழியாக என்னால் படிக்க முடியவில்லை. அந்த ஆண்டுகளில் ஷாஅஹமது ஷாமஹமூதவ் என்ற கொல்லரும் அவர் மனைவி பஹ்ரி அக்ரமோவாவும் வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு நகரில் ஒரு பெரிய சிலை உண்டு. சில்ஓன்சோர் தடத்தில் மக்கள் நட்பு என்று பொருள்படும் ஹல்க்லார் தோஸ்த்லிகி நிலையத்தில் இறங்கினால் அதைக் காணலாம். கவிதையும் சிலையும் ஒன்றையொன்று விளக்குவதால், இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது.

அடுத்த நிலையத்துக்கு வேண்டிய மட்டும் நேரம் ஒதுக்குங்கள். அலிஷேர் நவாயி நிலையத்தின் கூரை, மசூதியொன்றின் உட்புறத்தைப் போல வரிசையான குவிமாடங்களால் ஆனது; அவற்றின் நுண்ணிய வேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இரண்டு வண்டிகளை விட்டுவிட்டேன். பக்கச் சுவர்களில் உள்ள ஓவியத் தகடுகள் நவாயியின் காப்பியங்களிலிருந்து எடுத்த காட்சிகளைக் காட்டுகின்றன. 1441-இல் ஹெராத்தில் பிறந்து 1501-இல் அங்கேயே மறைந்த நவாயி, அரசவையில் உயர்பதவி வகித்தவர். தம் செல்வத்தைக் கொண்டு கல்விச்சாலைகளும் மருத்துவமனையும் வழிப்போக்கர் சத்திரங்களும் கட்டியவர். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பணி ஒன்று உண்டு. கவிதை என்றால் பாரசீகம் என்றிருந்த அந்தக் காலத்தில், மக்கள் பேசிய, இன்றைய உஸ்பெக் மொழிக்கு முன்னோடியான சகதாய்த் துருக்கியில் 'கம்சா' என்னும் ஐந்து காப்பியங்களின் தொகுதியை 1483-க்கும் 1485-க்கும் இடையில் அவர் எழுதி முடித்தார். ஃபர்ஹாத்தும் ஷிரீனும், லைலாவும் மஜ்னூனும் அத்தொகுதியில்தான் அம்மொழி பேசினார்கள். வாழ்வின் இறுதிக்கு அருகில், 1499-இல், இரு மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதி, துருக்கிய மொழி எந்த வகையிலும் தாழ்ந்ததன்று என்று சொல்லுக்குச் சொல் எடுத்துக்காட்டி வாதிட்டார். அவர் பிறந்த ஹெராத் இன்று ஆப்கானிஸ்தானில் இருக்கிறது. ஆனால் உஸ்பெக் மொழியின் இலக்கியம் தன் தந்தையாக வணங்குவது அவரைத்தான்.

நவாயியின் 500-ஆம் பிறந்த ஆண்டு விழாவைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லாமல் அந்த நிலையத்தை விட்டு நகர எனக்கு மனமில்லை. 1941 திசம்பரில், செர்மானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தது. நகரத்தில் பசியும் குளிரும் மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தன. அந்த நாட்களிலும் ஹெர்மிடாஷ் அருங்காட்சியகத்தின் அறிஞர்கள் கூடி, நவாயியைப் பற்றி உரையாற்றி, அவர் கவிதைகளை வாசித்து விழா எடுத்தார்கள். நவாயியின் பெருமைக்கு இதைவிடப் பெரிய சான்றை என்னால் சொல்ல முடியாது.

பயணப் படங்களில் எல்லோரும் கண்டிருக்கக்கூடிய நிலையம், 1984-இல் திறக்கப்பட்ட கஸ்மோனாவ்ட்லார், அதாவது விண்வெளி வீரர்கள் நிலையம். நீலத்தின் சாயல் படிப்படியாக மாறும் சுடுமண் ஓடுகளாலான சுவரில் வட்டப் படிமங்கள் பதித்திருக்கிறார்கள். ககாரின், தெரெஷ்கோவா ஆகியோருக்கு நடுவே தலைப்பாகை அணிந்த ஒரு மன்னர் இருக்கிறார். அவர்தான் தைமூரின் பேரன் மிர்ஸோ உலுக்பெக். ஆட்சியைவிட வானத்தை அதிகம் நேசித்த அவர், 1420-களில் சமர்கண்டில் ஒரு வானாய்வுக்கூடம் எழுப்பினார். ஏறத்தாழ 40 மீட்டர் ஆரமுள்ள கல் வளைவு ஒன்றைக் கொண்டு, தொலைநோக்கி கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக முன்பே, 1018 விண்மீன்களின் இருப்பிடத்தை அவரும் அவருடைய அறிஞர் குழுவும் பட்டியலிட்டார்கள். ஓர் ஆண்டின் நீளத்தை அவர்கள் கணக்கிட்டதில் இருந்த பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 1449-இல் சொந்த மகனின் ஏற்பாட்டால் அவர் தலை துண்டிக்கப்பட்டது. வானாய்வுக்கூடம் இடிந்து மண்மூடிப் போனது. 1908-இல் வியாத்கின் என்ற தொல்லியலாளர் தோண்டி எடுத்த பின்னரே நிலத்தடியில் எஞ்சிய வளைவு வெளிப்பட்டது. புகாராவில் உலுக்பெக் 1417-இல் கட்டிய கல்விச்சாலையின் வாயிலில், அறிவைத் தேடுவது ஆண், பெண் இருபாலருக்கும் கடமை என்ற நபிமொழி பொறிக்கப்பட்டிருந்ததாகச் சொல்வார்கள். இந்த வாசகத்தைப் பிறகு மீண்டும் நினைவுகூர்வேன்.

அதே சுவரில் இருக்கும் விளாதிமிர் ஜானிபெகவ், தாஷ்கண்ட் வட்டாரத்தில் 1942-இல் பிறந்த ருஷ்யர்; மனைவியின் குடும்பப் பெயரைத் தம் பெயராக ஏற்றவர். 1985-இல் மின்சாரம் முற்றிலும் இழந்து உறைந்து கிடந்த சல்யூட் 7 விண்நிலையத்தோடு தம் கலத்தைக் கையால் இயக்கி இணைத்து, அதற்கு மீண்டும் உயிரூட்டிய இருவரில் ஒருவர். உஸ்பெகிஸ்தானின் பண்பாடு பல இனத்தவர் சேர்ந்து சமைத்தது என்பதற்கு அவர் பெயரே சான்று.

ஓய்பெக் நிலையம் அடுத்தது. 1905-இல் பிறந்த இந்தக் கவிஞரும் நாவலாசிரியரும் நவாயியின் வாழ்வையே நாவலாக்கியவர், அதற்காக 1946-இல் சோவியத் அரசின் பெரும் பரிசைப் பெற்றவர். கதைநாயகரும் கதாசிரியரும் ஒரே தடத்தில் மூன்று நிலைய இடைவெளியில் அமைந்திருப்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது பிடித்திருந்தது.

ஓய்பெக்கில் மாறி, 2001-இல் திறக்கப்பட்ட யூனுசாபாத் தடத்துக்குப் போனால், யூனுஸ் ரஜபி நிலையம் வரும். ரஜபி 1897-இல் பிறந்த பாடகர், இசைத் தொகுப்பாளர். புகாராவில் ஆசிரியர் வாயிலாகச் சீடருக்குச் செவிவழியாகவே வந்துகொண்டிருந்த 'ஷஷ்மகோம்' என்னும் ஆறு பெரும் இசைத் தொகுதிகளைக் கேட்டு, குறிமுறையில் எழுதி, நூல்களாக வெளியிட்டார். 1959-இல் வானொலியில் மகோம் குழு ஒன்றையும் அமைத்தார். வாய்ப்பாட்டு மரபு கொண்ட எவருக்கும் இந்தப் பணியின் அருமை சொல்லாமலே விளங்கும். பாடியவர்கள் மறைந்துவிட்டால் பாட்டும் மறைந்துவிடும் என்ற நிலையில், காலத்தோடு போட்டியிட்டு அவர் அதைச் செய்தார்.

அடுத்த நிலையம் அப்துல்லா கோதிரி. உஸ்பெக் மொழியின் முதல் நாவலாகக் கொண்டாடப்படும் 'கடந்த நாட்கள்' 1920-களில் அவர் எழுதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாஷ்கண்டின் வணிகர்களையும் குடும்பங்களையும், ஒதாபெக், குமுஷ் என்ற இருவரின் காதலையும் சொல்லும் அந்நாவலை இன்றும் வீடுதோறும் படிக்கிறார்கள். அதை எழுதியவரை சோவியத் ஆட்சியாளர்கள் 1937-இன் கடைசி நாளில் கைது செய்து, 1938 அக்டோபர் 4 அன்று சுட்டுக் கொன்றார்கள். கவிஞர் சோல்பானும் அறிஞர் ஃபித்ரத்தும் அதே நாளில் கொல்லப்பட்டார்கள். ஒரு மொழியின் நவீன இலக்கியத்தை உருவாக்கிய மூவரை ஒரே நாளில் இழந்த சமூகத்தின் வலியை நான் நினைத்துப் பார்க்க முயன்றேன். அங்கிருந்து இரண்டு நிலையம் தள்ளி போதோம்சோரில் இறங்கிச் சற்று நடந்தால், போஸ்ஸு கால்வாய்க் கரையில் அடக்குமுறைக்குப் பலியானவர்களுக்கான நினைவு வளாகம் இருக்கிறது. கோதிரியின் பெயரைத் தாங்கிய நிலையத்தைப் பார்த்துவிட்டு அங்கே போகாமல் திரும்பக் கூடாது.

பெயர்கள் மாறியும் இருக்கின்றன. 1929-இல் கல்லால் அடித்துக் கொல்லப்பட்ட நாடகாசிரியர் ஹம்சாவின் பெயரைத் தாங்கியிருந்த நிலையம் இப்போது நொவ்ஸா. போரில் உயிரிழந்த தளபதி சோபிர் ரஹீமவின் நிலையம் இப்போது ஓல்மசோர். லெனின் சதுக்கம் சுதந்திரச் சதுக்கம் ஆனதை நான் புரிந்துகொள்கிறேன். கலைஞர் ஒருவரின் பெயரை எடுத்துவிட்டு ஊர்ப்பெயரை வைத்ததை ஏற்க எனக்கு மனமில்லை.

கடைசியாக, சில்ஓன்சோர் தடத்தில் ஹமீத் ஓலிம்ஜான் நிலையத்தில் இறங்கினேன். வாதுமைக்குடும்பத்து மரங்களில் ஒன்றான ஒரிக், அதாவது சர்க்கரைப் பாதாமி, பூப்பதைப் பாடிய கவிஞர் அவர். 1944-இல் ஊர்தி விபத்தில், முப்பத்தைந்து வயதுகூட நிறையாமல் இறந்தார். அவர் மனைவி சுல்ஃபியாவுக்கு அப்போது வயது 29. கணவர் கொண்டாடிய அதே வசந்தம் "உன்னை விசாரித்து வந்திருக்கிறது" என்று அவர் எழுதிய கவிதை, உஸ்பெக் மொழியில் பிரிவைப் பாடிய மிகச் சிறந்த கவிதைகளுள் ஒன்று. 'சஆதத்' என்ற பெண்கள் இதழின் ஆசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். இளம் பெண்களுக்கான அரசு விருது ஒன்று 1999 முதல் அவர் பெயரில் வழங்கப்படுகிறது. ஆனால் நான் படித்த நிலையப் பெயர்ப் பட்டியலில் சுல்ஃபியா இல்லை. வேறு எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. இந்தச் சேவையிடம் எனக்குள்ள ஒரே மனக்குறை இதுதான். உலுக்பெக்கின் வாயில் வாசகத்தைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாடு, தரைக்கு மேலே புதிது புதிதாக நிலையங்கள் கட்டிக்கொண்டிருக்கும் இந்த ஆண்டுகளில், அவற்றுள் ஒன்றுக்காவது சுல்ஃபியாவின் பெயரை வைக்க வேண்டும். "கேயிங்கி பெகாத்: சுல்ஃபியா" என்று அந்த ஒலிபெருக்கி அறிவிக்கும் நாளில் மீண்டும் ஒருமுறை தாஷ்கண்ட் போய் அங்கே இறங்க ஆசைப்படுகிறேன்.