மைக்ரோபிட் வி2: வாஷிங் மெஷினுக்குள் இருக்கும் கணினி, மூடியில்லாமல்

பிபிசி மைக்ரோபிட் என்ற சின்னக் கணினி போர்டைப் பல கடைகளில் 'கோடிங் கிட்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அப்படிச் சொன்னால்தான் பெற்றோர் வாங்குவார்கள் போலிருக்கிறது. கோடிங் மட்டும் கற்க இது தேவையே இல்லை, ஒரு பழைய லேப்டாப் போதும். இந்தப் போர்டின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அடுப்பு, ஏசி, லிஃப்ட் இவற்றுக்குள் ஒளிந்திருக்கும் சின்னக் கணினி எதை வைத்து முடிவெடுக்கிறது என்பதை இது கண்ணெதிரே காட்டும்.

2016இல் பிரிட்டனில் 11, 12 வயதுப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதற்காக வந்தது முதல் பதிப்பு. 2020 இறுதியில் வி2 என்ற இரண்டாம் பதிப்பு வந்தது. ஏறத்தாழ 5 செ.மீ.க்கு 4 செ.மீ. அளவு. 64 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்ம் கார்டெக்ஸ் எம்4 சிப், 128 கேபி ரேம் (தற்காலிக நினைவகம்), 512 கேபி ஃபிளாஷ் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்). ஃபோனில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அந்த ஃபிளாஷில் அடங்காது. ஆனால் ஒரு வாஷிங் மெஷினை ஓட்ட இதில் பாதிகூட வேண்டாம்.

முன்பக்கம் 25 சிவப்பு எல்.இ.டி., இரண்டு பட்டன், தொட்டால் உணரும் லோகோ. பின்பக்கம் மைக், ஸ்பீக்கர், அசைவை அறியும் சென்சார், திசைகாட்டி, ரேடியோ. பின்பக்கம் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அது பழைய வி1. 16 கேபி ரேம் மட்டுமே உள்ள அந்தப் பதிப்பை இன்றும் யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்க வேண்டாம். வி2க்கான புரோகிராமை அதில் ஏற்றினால் 927 என்று பிழை எண் ஓடும், அவ்வளவுதான்.

புரோகிராம் எழுத மேக்கோடு என்ற இணையதளம் இருக்கிறது. கட்டளைக் கட்டங்களை இழுத்து அடுக்கினால் போதும். எழுத்தில் எழுதும் பைத்தான் மொழியும் உண்டு. எழுதி முடித்ததும் கிடைக்கும் ஹெக்ஸ் கோப்பை, பென் டிரைவில் போடுவதுபோல மைக்ரோபிட் டிரைவில் போட்டால் சில நொடிகளில் ஓடத் தொடங்கும். குரோம், எட்ஜ் பிரவுசர்களில் நேரடியாகவே ஏற்றலாம். ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் கோப்பை இழுத்துத்தான் போட வேண்டும்.

முதல் நாளில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இரண்டுதான். போர்டில் விளக்கு எரிகிறது, கணினியில் டிரைவ் தெரியவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஃபோன் சார்ஜருடன் வரும் மைக்ரோ யூ.எஸ்.பி. கேபிள்கள் சிலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. டிரைவின் பெயர் 'மெயின்டனன்ஸ்' என்று வந்தால், செருகும்போது விரல் ரீசெட் பட்டனில் பட்டிருக்கிறது என்று பொருள். போர்டு கெடவில்லை. கழற்றி, பட்டனைத் தொடாமல் மறுபடி செருகினால் சரியாகிவிடும். சோக முகமும் 020 என்ற எண்ணும் வந்தால் ரேம் தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் முடிவில்லாமல் வளரும் ஒரு பட்டியல்தான் காரணமாக இருக்கும்.

இனி இந்தப் போர்டு நன்றாகக் கற்றுத்தரும் விஷயங்கள். பட்டனை அழுத்தினால் எண் ஒன்று கூடுகிற மாதிரி ஒரு கவுன்ட்டர் எழுதுங்கள். 37 வரை எண்ணிவிட்டு மின்சாரத்தைப் பிடுங்குங்கள். திரும்பக் கொடுத்தால் புரோகிராம் இருக்கிறது, 37 இல்லை. புரோகிராம் ஃபிளாஷில் இருந்தது, எண் ரேமில் இருந்தது. மின்சாரம் போய்த் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்தே துவைக்கும் வாஷிங் மெஷின்கள், எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை மின்சாரம் இல்லாமலும் அழியாத நினைவகத்தில் குறித்து வைத்துக்கொள்கின்றன. அந்த வசதி இல்லாத மெஷின் முதலிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், அந்த எண்ணும் 37 போலக் காணாமல் போவதுதான். ரேமுக்கும் ஸ்டோரேஜுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாடப்புத்தகத்தின் அரைப்பக்கத்தை விட இந்தச் சோதனை தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

எல்.இ.டி. திரையை ஃபோன் கேமராவில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள். 25 விளக்கும் ஒரே நேரத்தில் எரியவில்லை, வரிசை வரிசையாக மாறி மாறி எரிகின்றன என்பது தெரியும். கண் அதை ஒரே படமாகச் சேர்த்துக்கொள்கிறது. குறைந்த கம்பிகளில் நிறைய விளக்குகளை ஓட்டும் இந்த உத்திதான் மின்சார அடுப்பின் எண் திரையிலும் ரயில் நிலைய அறிவிப்புப் பலகையிலும் இருக்கிறது. திரைக்குத் தமிழ் எழுத்துரு கிடையாது. 5x5 கட்டத்தில் ட, ப போன்றவற்றைப் படமாக வரைந்துவிடலாம், ழகரத்துக்கு இடம் போதாது.

அடுத்தது இந்த விமர்சனத்தின் முக்கியமான பகுதி, செடிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று பார்க்கும் கருவி. துருப்பிடிக்காத இரண்டு ஆணிகளை மண்ணில் 3 செ.மீ. இடைவெளியில் குத்தி, போர்டின் கீழ் விளிம்பில் உள்ள வளையங்களில், 3 வோல்ட் தரும் 3வி வளையத்துக்கு ஒன்றையும், 0 என்று எண்ணிட்ட வளையமான 'பின் 0'க்கு மற்றொன்றையும் கவ்விப் பிடிக்கும் முதலைக் கிளிப்பால் இணைக்க வேண்டும். பின் 0இல் வரும் அளவு 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகக் கிடைக்கும். மண் ஈரமானால் எண் கூடும். காய்ந்த மண்ணில் எவ்வளவு, ஊற்றியபின் எவ்வளவு என்று உங்கள் தொட்டியிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சொல்லும் எண் உங்கள் மண்ணுக்குப் பொருந்தாது.

இதோடு தண்ணீர் ஊற்றும் ஒரு சின்ன பம்பையும் சேர்த்து, '500க்குக் கீழே போனால் பம்ப் ஓடட்டும், மேலே போனால் நிற்கட்டும்' என்று எழுதினால் ஒரு வேடிக்கை நடக்கும். அளவு 499, 501 என்று தள்ளாடும்போது பம்ப் நொடிக்கொரு முறை ஓடி ஓடி நிற்கும். 400க்குக் கீழே போனால் ஓடு, 600ஐத் தாண்டினால் நில், நடுவில் இருந்தால் இப்போது செய்வதையே தொடர் என்று மாற்றினால் அமைதியாகிவிடும். சாதாரண ஏசியில் 24 டிகிரி வைத்தால் கம்ப்ரசர் சரியாக 24இல் நின்று 24இல் ஓடாமல், கொஞ்சம் கூடவும் கொஞ்சம் குறையவும் விடுவது இதனால்தான். ஃபிரிட்ஜும் அப்படியே. இந்த மூன்று வரி தர்க்கம் புரிந்த பிள்ளைக்கு வீட்டுச் சாதனங்களில் பாதி புரிந்த மாதிரி.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆணிகளில் மின்சாரம் எப்போதும் ஓடினால் மின்னாற்பகுப்பால் ஓர் ஆணி வேகமாக அரித்துப்போகும். அதனால் 3வி வளையத்துக்குப் பதிலாகப் பின் 1இல் ஆணியை இணைத்து, அளக்கும் நேரத்தில் மட்டும் அந்தப் பின்னை ஆன் செய்து, அளந்ததும் அணைக்க வேண்டும். மணிக்கு ஒரு முறை அளந்தாலே செடிக்குப் போதும். கூடவே எச்சரிக்கை இசையும் வைத்தால் அளவு தாறுமாறாகும், ஏனென்றால் ஒலி ஸ்பீக்கருக்குப் போவதோடு பின் 0க்கும் போகிறது. சென்சாரைப் பின் 2க்கு மாற்றுங்கள்.

பம்பையோ மோட்டாரையோ பின்னில் நேராக மாட்டவே கூடாது. பின் தரும் மின்னோட்டம் சில மில்லி ஆம்பியர்தான். 3வி வளையத்திலிருந்தும் மொத்தம் 190 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்க முடியாது. சின்ன சர்வோ மோட்டார்கூட (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) சிக்கிக்கொள்ளும்போது இதைவிட அதிகம் இழுக்கும். அப்போது மின்னழுத்தம் சரிந்து போர்டு ரீசெட் ஆகும், பிள்ளைகள் புரோகிராமில் தப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். மோட்டாருக்குத் தனி பேட்டரி, நடுவில் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரைவர் போர்டு, இரண்டின் கிரவுண்டும் (மின்சாரம் திரும்பும் இணைப்பு) ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். 5 வோல்ட் அனுப்பும் சென்சார்களை நேராக இணைத்தால் பின் பழுதாகலாம். 230 வோல்ட் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மோட்டாரை ஓட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். வாளியில் மாதிரி செய்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. வெப்பமானி சிப்புக்குள் இருப்பதால் அறையை விடச் சில டிகிரி கூடவே காட்டும். திசைகாட்டியை முதலில் ஓட்டும்போது போர்டைச் சாய்த்துச் சாய்த்துத் திரையை நிரப்பச் சொல்லும். இரும்பு மேசையில் வைத்து அதைச் செய்தால் வடக்கு எங்கோ போய்விடும். வைஃபை இல்லை. ரேடியோவில் ஒரு வகுப்பே விளையாடும்போது ஒவ்வொரு ஜோடிக்கும் 0 முதல் 255க்குள் தனிக் குழு எண் கொடுக்காவிட்டால் எல்லோருடைய செய்தியும் எல்லோருக்கும் போகும். பவர் பேங்கில் ஓட்டினால், இது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். வி2இன் டேட்டா லாகர் அளவீடுகளை ஃபிளாஷில் சேமிப்பது நல்ல வசதி. புதிய புரோகிராம் ஏற்றும் முன் அவற்றைக் கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள், ஏற்றினால் அழிந்துவிடும்.

வைஃபை வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்றால் இஎஸ்பி32 போர்டுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் சென்சார், திரை, பட்டன் எல்லாவற்றையும் நாமே கம்பி போட்டு இணைக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் முதல் வாரம் கம்பி தேடுவதிலேயே போய்விடும். ஆர்டுயினோ ஊனோ என்ற போர்டுக்கும் அதே கதைதான். பத்தாம் வகுப்புக்கு மேல், சால்டரிங் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மைக்ரோபிட் சீக்கிரம் சலித்துவிடும், அவர்கள் நேராக இஎஸ்பி32க்குப் போகலாம்.

வாங்கும்போது வெறும் போர்டா, 'கோ' பெட்டியா என்று பாருங்கள். கோ பெட்டியில் யூ.எஸ்.பி. கேபிள், பேட்டரி ஹோல்டர், இரண்டு ஏஏஏ பேட்டரி எல்லாம் இருக்கும். வெறும் போர்டு வாங்கினால் டேட்டா கேபிளும் ஹோல்டரும் தனியாக வாங்க வேண்டும். எப்படி வாங்கினாலும் முதலைக் கிளிப் கம்பி ஐந்தாறு சேர்த்து வாங்குங்கள். போர்டு ஓடும்போது எவர்சில்வர் தட்டிலோ இரும்பு மேசையிலோ வைக்காதீர்கள், 3வி வளையமும் கிரவுண்டும் ஷார்ட் ஆகும்.